பாட்டியின் முகம் வெளுக்காமல் ஃபிளாஷ் அடிப்பது எப்படி

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் காதுகுத்து. ராத்திரி எட்டு மணி இருக்கும். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பாட்டி, கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "என்னையும் ஒண்ணு புடிப்பா" என்று கூப்பிட்டார். நான் டிஜிட்டல் கேமரா வாங்கிய முதல் வருஷம் அது. கேமரா ஆட்டோவில் இருந்தது. பக்கத்தில் போய் பட்டனை அழுத்தினேன். ஃபிளாஷ் தானாக எழுந்து நின்று பளிச்சென்று அடித்தது. பாட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தார். நான் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் மகன் என் போட்டோக் கடைக்கு வந்தார். பாட்டி தவறிவிட்டார், மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும், தனியாக எடுத்த படம் அது ஒன்றுதான் என்றார். கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பின்னால் இருந்த திண்ணை, வேப்பமரம், வாசல் விளக்கு எதுவுமே இல்லை, ஒரே கறுப்பு. அப்படி முழுதாக வெளுத்த இடத்தில் விவரமே பதிவாகியிருக்காது. எந்தச் சாஃப்ட்வேரில் போட்டாலும் ஒரு சுருக்கத்தைக்கூட மீட்க முடியாது. அவர் ரொம்ப நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா நெறம் இது இல்லீங்களே" என்றார்.

இந்த வருஷம் என் அக்கா மகன் கிருஷ்ணகிரியில் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினான். வாங்கிய மறுவாரமே போன். "மாமா, ஃபிளாஷ் போட்டா மூஞ்சி பேய் மாதிரி வருது. போடலைன்னா படம் ஆடிப்போவுது. என்னதான் பண்றது?" அன்றைக்கு அவனுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கேனான், நிக்கான், சோனி எதுவாக இருந்தாலும் பட்டன் இருக்கும் இடம்தான் மாறும், விஷயம் ஒன்றுதான்.

ஒரே படத்தில் இரண்டு வெளிச்சம்

முதலில் இது புரிய வேண்டும், மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம். ஃபிளாஷ் போட்டு எடுக்கும் எந்தப் படத்திலும் இரண்டு வெளிச்சம் விழுகிறது. ஒன்று அந்த இடத்தில் ஏற்கெனவே இருப்பது: டியூப்லைட், குத்துவிளக்கு, சாயங்கால வானம். இன்னொன்று நாம் அடிப்பது. ஃபிளாஷ் எரிகிற நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சுமார். பவரைக் குறைத்தால் அதைவிடவும் குறைவு. ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தாலும் சரி, 1/15 நொடி திறந்திருந்தாலும் சரி, ஃபிளாஷிலிருந்து வருவது அந்த ஒரு மின்னல்தான். ஆனால் வாசல் விளக்கு அப்படியில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க அதன் வெளிச்சம் உள்ளே வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, பின்னால் இருக்கும் இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை ஷட்டரை வைத்து முடிவு செய்கிறோம். முகம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதை ஃபிளாஷ் பவரை வைத்து முடிவு செய்கிறோம். அப்பர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தின் அளவு) ஐஎஸ்ஓவும் (வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்ற அளவு) இரண்டையும் சேர்த்து ஏற்றும், இறக்கும்.

படித்தால் மட்டும் இது மனதில் நிற்காது. இன்றைக்கு ராத்திரியே வீட்டில் செய்து பாருங்கள். ஹாலில் ஒரே ஒரு பல்பு எரியட்டும். வீட்டில் யாரையாவது இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார வையுங்கள். பின்னால் சாமி படமோ அலமாரியோ இருக்கட்டும். கேமராவை எம் மோடில், அதாவது எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓ 400, அப்பர்ச்சர் எஃப் 4. மேலே மாட்டும் ஃபிளாஷ் இருந்தால் அதையும் மேனுவலில் வைத்து 1/64 பவர். ஷட்டர் 1/200ல் ஒரு படம், 1/60ல் ஒரு படம், 1/15ல் ஒரு படம். வேறெதையும் தொடாதீர்கள்.

மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். முகம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். முதல் படத்தில் பின்னால் இருட்டு. இரண்டாவதில் அலமாரி மங்கலாகத் தெரியும். மூன்றாவதில் பல்பின் மஞ்சள், சாமி படத்தின் கண்ணாடி, சுவரின் நிறம் எல்லாம் வந்துவிடும், அது வீடு மாதிரி இருக்கும். என் அக்கா மகன் இதைச் செய்துவிட்டு அன்றைக்கே எனக்கு மூன்று படத்தையும் அனுப்பினான். மூன்றாவதில் எங்கள் அக்கா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அது அவர்கள் வீட்டு ஹால் என்று தெரிந்தது. முதல் படத்தை எந்த ஊரில் எடுத்தது என்றே சொல்ல முடியாது.

1/15 என்றால் கை ஆடாதா என்று கேட்பீர்கள். ஆள் அசையாமல் இருந்து, அவர்மேல் விழுவது பெரும்பாலும் ஃபிளாஷ் வெளிச்சமாக இருந்தால் முகம் கூர்மையாகவே நிற்கும், அந்த மின்னல் அவ்வளவு குறுகியது. பின்னணிதான் லேசாக ஆடும். சுவரில் சாய்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டுவிட்டு அழுத்துங்கள்.

கேமராவில் இருக்கும் அடையாளங்கள்

மின்னல் குறி மட்டும் இருந்தால் ஃபிளாஷ் கட்டாயம் அடிக்கும். மின்னலோடு ஆட்டோ என்று இருந்தால் கேமரா தன் இஷ்டத்துக்கு அடிக்கும். அதை விட்டு வெளியே வாருங்கள். குறுக்குக் கோடு போட்ட மின்னல் என்றால் அடிக்காது. மின்னலோடு ஸ்லோ என்று இருந்தால், ஷட்டரை நிதானமாக வைத்து இடத்தின் வெளிச்சத்தையும் சேர்த்து எடுக்கும். எம் மோடு இன்னும் பழகாதவர்கள் கல்யாண வீட்டில் இதைப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ரியர் என்று ஒன்று இருக்கும், அதைக் கூத்து பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

மின்னலோடு கண் படம் போட்டது சிவப்புக் கண் வராமல் இருக்க. ஃபிளாஷ் லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் வெளிச்சம் கண்ணுக்குள்ளே போய் விழித்திரையில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வருகிறது, அதுதான் சிவப்பு. இந்த மோடு முதலில் ஒரு விளக்கைக் காட்டிக் கண்மணியைச் சுருங்க வைத்துவிட்டு அப்புறம்தான் படம் எடுக்கும். அதற்குள் ஒரு நொடி போய்விடும். தாலி கட்டும்போது அந்த ஒரு நொடி நமக்குக் கிடையாது. இதை அணைத்து வையுங்கள். ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பினாலே சிவப்புக் கண் வராது.

ஏ மோடில், அதாவது அப்பர்ச்சரை மட்டும் நாம் வைக்கும் மோடில், ஃபிளாஷ் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இருட்டு மண்டபத்தில் கேமரா பின்னணிக்காக ஷட்டரை அரை நொடி வரைக்கும் இறக்கிவிடலாம், எல்லாம் ஆடிப்போகும். மெனுவில் ஃபிளாஷ் போடும்போது ஷட்டர் எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று வைக்க ஓர் இடம் இருக்கும். அதில் 1/60 வைத்துக்கொள்ளுங்கள். சைலன்ட் ஷட்டர் போட்டிருந்தால் பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் அடிக்கவே அடிக்காது. ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கி வருகிறார்கள்.

பாதிப் படம் கறுப்பு

கேமராவுக்குள் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை விலகி சென்சாரைத் திறக்கும், இரண்டாவது திரை வந்து மூடும். 1/200 வரைக்கும், சில கேமராவில் 1/250 வரைக்கும், சென்சார் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. ஃபிளாஷ் அந்தக் கணத்தில் அடிக்கும். அதற்கு மேலே வேகம் போனால் முதல் திரை முழுக்க விலகுவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். நடுவில் ஒரு சந்துதான் நகர்ந்துகொண்டு போகும். அப்போது ஃபிளாஷ் அடித்தால் சந்து இருந்த இடத்தில் மட்டும் வெளிச்சம், மற்றது கறுப்புப் பட்டை. இப்போது வரும் கேமராக்கள் தன் ஃபிளாஷ் என்றால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ட்ரிக்கர், அதாவது தள்ளி இருக்கும் ஃபிளாஷை அடிக்க வைக்கும் கருவி, மாட்டித் தனியாக ஃபிளாஷ் வைப்பவர்களுக்குத்தான் இந்தப் பட்டை வரும். பட்டை விழாமல் ஃபிளாஷ் அடிக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்துக்கு சிங்க் வேகம் என்று பேர். உங்கள் கேமராவுக்கு அது என்ன என்று பார்த்து மனப்பாடம் பண்ணி வையுங்கள்.

இன்னொன்று. வீட்டுப் பரணில் இருக்கும் ஃபிலிம் காலத்து ஃபிளாஷை எடுத்து டிஜிட்டல் கேமராவில் மாட்டாதீர்கள். அந்தக் காலத்து ஃபிளாஷ் சிலவற்றில் கேமராவோடு மாட்டும் காலில் 200 வோல்ட்டுக்கு மேலே இருக்கும். கேமரா போர்டு போய்விடும்.

நிறத்தை மாற்றாமல் எடுப்பது

டிடிஎல் என்பது ஃபிளாஷ் தானே அளந்து அடிக்கும் முறை. நிஜமான ஃபிளாஷுக்கு ஒரு துளி நேரம் முன்னால் சின்னதாக ஒன்று அடித்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து, அதற்கேற்பப் பெரியதை அடிக்கும். நன்றாகத்தான் வேலை செய்யும், ஆனால் எதிரே இருப்பது வெள்ளைச் சட்டையா கறுப்பு நிறமா என்று அதற்குத் தெரியாது. எல்லாமே நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும்.

வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பங்காளிகள் வரிசையாக நின்றால் நிறைய வெளிச்சம் திரும்பி வரும். போதும் என்று நினைத்து ஃபிளாஷ் குறைத்து அடிக்கும். வேட்டி சாம்பலாகும், முகமெல்லாம் இருண்டுபோகும். அங்கே ஃபிளாஷ் காம்பன்சேஷனில், அதாவது ஃபிளாஷ் அடிக்கும் அளவை நாம் ஏற்றி இறக்கும் இடத்தில், பிளஸ் 0.7 முதல் பிளஸ் 1 வரை ஏற்றுங்கள். ராத்திரி வெட்டவெளியில் ஒருவரை மட்டும் எடுக்கும்போது நேர் எதிர். பின்னால் இருட்டில் போன வெளிச்சம் திரும்பி வராது. இன்னும் வேண்டும் என்று நினைத்து ஃபிளாஷ் அதிகமாக அடிக்கும். அந்தப் பாட்டிக்கு நடந்தது இதுதான். கட்டிலில் அவர், பின்னால் இருட்டு வாசல், ஒரு மீட்டர் தூரத்தில் நான். மைனஸ் 1 வைத்து, ஷட்டரை 1/15க்கு இறக்கி, இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால் அவருடைய சுருக்கங்களும் அந்த வாசல் விளக்கும் எனக்குக் கிடைத்திருக்கும்.

ஃபிளாஷ் காம்பன்சேஷனும் சாதாரண எக்ஸ்போஷர் காம்பன்சேஷனும் வேறு வேறு பட்டன். மின்னல் குறியோடு பிளஸ் மைனஸ் போட்டதுதான் ஃபிளாஷுக்கானது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். இங்கே பொண்ணு வீட்டார் பலர் காதோரம் வந்து, "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்க" என்பார்கள். அதற்காகவே ஃபிளாஷை ஏற்றி முகத்தை வெளுக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. நான் செய்வதில்லை. மாநிறத்திலும் கறுப்பிலும்தான் வெளிச்சம் எத்தனை விதமாக நிற்கிறது! கன்னத்து எலும்பில் ஒரு மினுக்கு, தாடையோரம் ஒரு ஆழம், வியர்வையில் ஒரு பளபளப்பு. ஃபிளாஷை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, ஏற்றினால் இதெல்லாம் தட்டையாகிவிடும். நான் படம் எடுத்ததும் திரையில் வெளுத்த இடம் கறுப்பாகச் சிமிட்டும் எச்சரிக்கையைப் போட்டு வைத்திருப்பேன். முகத்தில் எங்காவது சிமிட்டினால் பவரைக் குறைத்து உடனே மறுபடி எடுப்பேன். மூக்கு நுனியில் ஒரு புள்ளி சிமிட்டினால் பரவாயில்லை. நெற்றி சிமிட்டினால் விட மாட்டேன்.

நலங்கில் மஞ்சளும் எண்ணெயும் பூசிய முகத்தில் நேர் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது, கண்ணாடி மாதிரி எரியும். மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர்களைத் தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள், பளபளப்பு கீழே போய்விடும்.

கூரையில் அடித்துத் திருப்புவது

ஃபிளாஷ் தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடித்தால் கூரை முழுக்க ஒரு பெரிய விளக்காகிவிடும். வெளிச்சம் மெத்தென்று இறங்கும், சுவரில் கன்னங்கரேல் என்ற நிழல் விழாது. நேராக மேலே திருப்பினால் கண்குழியில் நிழல் தங்கும். கொஞ்சம் பின்னால் சாய்த்தோ, பக்கத்துச் சுவர் பக்கம் திருப்பியோ அடியுங்கள். கூரை பத்தடி உயரம் என்றால் முகத்துக்கு வந்து சேர்வது கால்வாசிதான் என்று வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுங்கள்.

எங்கள் பக்கத்தில் கூரை எப்போதும் வெள்ளையாக இருக்காது. கிராமத்துக் கல்யாணம் என்றால் ஷாமியானா, இல்லாவிட்டால் பச்சை வலை. சிவப்பு ஷாமியானாவில் அடித்தால் பொண்ணு முகம் சிவந்து வரும், பச்சை வலையில் அடித்தால் காய்ச்சல்காரி மாதிரி வரும். அதிலும் வலையில் பாதி வெளிச்சம் வானத்துக்கே போய்விடும். கோயில் கல்யாணத்தில் கல்மண்டபக் கூரை பல வருஷத்துப் புகையில் கறுத்திருக்கும், அது எதையும் திருப்பித் தராது. இப்படிப்பட்ட இடத்துக்கு நான் எப்போதும் ஒரு தெர்மாகோல் பலகை எடுத்துப் போகிறேன். உதவிக்கு வரும் பையன் அதைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடிப்பான், நான் ஃபிளாஷை அதில் அடிப்பேன். காசும் அதிகமில்லை. ஃபிளாஷ் தலையில் மாட்டும் பிளாஸ்டிக் டப்பாவைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாக இருந்தால்தான் நிழல் மென்மையாகும், டப்பா சின்னது.

ஹோமப் புகை உள்ள மேடையில் நேர் ஃபிளாஷ் அடித்தால் முன்னால் இருக்கும் புகைதான் வெள்ளையாகத் தெரியும், மாப்பிள்ளை அதற்குள்ளே மறைந்துபோவார். பக்கத்திலிருந்து அடியுங்கள், புகைகூட அழகாக நிற்கும். கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழும்போது மட்டும் நான் நேராகவே கொஞ்சம் குறைந்த பவரில் அடிப்பேன். ஒவ்வொரு அரிசியும் காற்றில் அப்படியே நிற்கும்.

ஃபிளாஷ் வெளிச்சம் பகல் வெயில் மாதிரி வெள்ளை, சுமார் 5500 கெல்வின். மண்டபத்தின் மஞ்சள் விளக்கு 3200 பக்கம். இரண்டும் கலந்தால் முகம் ஒரு நிறம், பின்னணி ஒரு நிறம். ஃபிளாஷ் முன்னால் ஆரஞ்சு ஜெல் தாள் (வெளிச்சம் ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டி, கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைப் பல்பு குறிக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். சீரியல் லைட் படத்தில் பட்டை பட்டையாக வந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50க்குக் கொண்டு வாருங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன.

தூரம்

தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். குடும்பப் படத்தில் முன்வரிசை 2 மீட்டரில், பின்வரிசை 4 மீட்டரில் என்றால் முன்னால் உட்கார்ந்த சம்பந்தி வெளுப்பார், பின்னால் நிற்கும் சித்தப்பா இருண்டுபோவார். நீங்கள் மூன்று மீட்டர் பின்னால் போங்கள். இப்போது 5 மீட்டர், 7 மீட்டர். பின்வரிசைக்கு முன்வரிசையில் பாதி வெளிச்சம் கிடைக்கும். வரிசைகளையும் நெருக்கி நிற்கச் சொன்னால் வித்தியாசமே தெரியாது.

உங்கள் ஃபிளாஷ் எவ்வளவு தூரம் போகும் என்பதை அதன் கைடு நம்பரை, அதாவது ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்ணை, அப்பர்ச்சரால் வகுத்தால் தெரியும். கைடு நம்பர் 40 என்றால் ஐஎஸ்ஓ 100ல் எஃப் 4க்கு 10 மீட்டர், எஃப் 8க்கு 5 மீட்டர். கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷின் நம்பர் 10, 12தான். எஃப் 4ல் மூன்று மீட்டர் தாண்டாது. அதைப் போட்டுக்கொண்டு மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுப்பது வீண். முன்னால் இருக்கும் தலைகள்தான் வெள்ளையாக வரும். அந்தக் குட்டி ஃபிளாஷ் போடும்போது லென்ஸ் முன்னால் இருக்கும் ஹுட்டைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தின் அடியில் பிறை மாதிரி நிழல் விழும்.

தெருக்கூத்தில் ஃபிளாஷ்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து ராத்திரி முழுக்க நடக்கும். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த வேலை அதுதான். கூலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போவேன்.

வேஷக்காரர் ஆட்டத்தில் வேகமாகச் சுழலும்போது இடுப்பு உடை குடை மாதிரி விரியும். 1/200ல் ஃபிளாஷ் அடித்தால் அந்த உடை தகரத்தில் வெட்டி வைத்த மாதிரி உறைந்து நிற்கும், சுழற்சியே இருக்காது. ஃபிளாஷ் இல்லாமல் 1/15ல் எடுத்தால் எல்லாம் கலங்கி, முகத்து அரிதாரம்கூடத் தெரியாது. இரண்டும் வேண்டும் என்றால் ரியர் சிங்க். சாதாரணமாக ஃபிளாஷ் ஷட்டர் திறந்தவுடனே அடிக்கும். அதற்குப் பிறகு ஆள் நகர்ந்த தடம் அவருக்கு முன்னால் விழும், பின்பக்கமாக ஆடுகிற மாதிரி இருக்கும். ரியரில் ஷட்டர் மூடப்போகும் கடைசிக் கணத்தில் அடிக்கும். தடம் அவருக்குப் பின்னால் வரும், முகம் அதன் நுனியில் தெளிவாக நிற்கும்.

நான் வைப்பது: ஷட்டர் 1/10, அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, ரியர் சிங்க், ஃபிளாஷ் மேனுவலில் 1/16. பவரை அன்றைய தூரத்தைப் பார்த்து ஒரு படி ஏற்றி இறக்குவேன். டிடிஎல் போட்டால் ஷட்டர் தொடக்கத்தில் ஒரு குட்டி மின்னல், முடிவில் ஒரு பெரிய மின்னல் என்று இரண்டு தெரியும். ஆடுகிறவர் கவனம் சிதறும். மேனுவலில் ஒன்றே ஒன்றுதான்.

மரத்தில் செய்த கிரீடத்திலும் தோளில் கட்டும் புஜகீர்த்தியிலும் கண்ணாடிச் சில்லு பதித்திருப்பார்கள். கேமரா மேலிருந்து நேராக அடித்தால் ஒவ்வொரு சில்லும் வெளிச்சத்தை லென்ஸுக்கே திருப்பி அனுப்பும், ராஜா முகத்தைச் சுற்றி வெள்ளை ஓட்டை ஓட்டையாக வரும். அதனால் ஃபிளாஷைக் கழற்றி ட்ரிக்கரில் போட்டு, மூங்கில் கம்பத்தில் ஏழடி உயரத்தில் பக்கவாட்டில் கட்டிவிடுகிறேன். சில்லுகள் அங்கங்கே ஒன்று மட்டும் மினுக்கும், மரக் கட்டையின் செதுக்கு வேலை நிழலோடு எழுந்து நிற்கும்.

ஆட்டம் தொடங்கும் முன்னால் வேஷம் கட்டும் இடத்துக்குப் போய் கூத்து வாத்தியாரிடம் கேட்டுக்கொள்வேன். "அண்ணா, ஃபிளாஷ் போட்டா தொந்தரவா இருக்குமா?" என்றால் பெரும்பாலும், "வசனம் பேசறப்ப வேணாம் தம்பி, ஆட்டத்துல அடிச்சுக்கோ" என்பார்கள். அதை மீறியதில்லை. ராத்திரி முழுக்க ஐம்பது அறுபது படத்துக்கு மேல் ஃபிளாஷ் அடிக்க மாட்டேன்.

ஃபிளாஷுக்குப் போடும் பேட்டரி செல் விஷயம் இங்கேதான் சொல்ல வேண்டும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நான்கு நான்காக மூன்று செட் வைத்திருங்கள். பழைய செட்டையும் புதிய செட்டையும் கலக்காதீர்கள். முழுப் பவரில் தொடர்ந்து அடித்தால் ஃபிளாஷ் சூடாகித் தானே நின்றுவிடும், சில சமயம் முன் பிளாஸ்டிக் உருகும். பவரை அரை, கால் என்று குறைத்து ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டால் செல்லும் தாங்கும், ஃபிளாஷும் தாங்கும்.

வெயிலில் எதற்கு ஃபிளாஷ்

உச்சி வெயிலில் கண்குழி கறுத்துப்போகும், அதற்குத்தான். குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தைப்பூசத் தேரைப் பெண்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். வெயில் தலைக்கு மேலே, அத்தனை பேர் முகமும் குனிந்து நிழலில். டிடிஎல்லில் மைனஸ் 1 வைத்து ஃபிளாஷ் கொடுத்தேன். கண்கள் தெரிந்தன, நெற்றி வியர்வை தெரிந்தது, வெயிலும் வெயிலாகவே இருந்தது.

வெயிலில் கணக்கு இப்படி வரும்: ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 என்றால் அப்பர்ச்சர் எஃப் 11 பக்கம் போக வேண்டியிருக்கும். கைடு நம்பர் 40ஐ 11ஆல் வகுத்தால் மூன்றரை மீட்டர். அதற்கு மேலே தள்ளி நின்றால் ஃபிளாஷ் போட்டும் பயனில்லை. பின்னணியைக் கலங்கலாக்க எஃப் 2.8 வேண்டும் என்றால் ஹை ஸ்பீடு சிங்க் போடலாம். அதில் ஃபிளாஷ் ஒரே மின்னலாக அடிக்காமல் துடித்துத் துடித்துச் சந்து நகரும் நேரம் முழுக்க எரியும். பவர் நிறையக் குறைந்துவிடும், ஆளுக்குப் பக்கத்தில் போக வேண்டும்.

ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போது மட்டும் கேமரா மேல் ஃபிளாஷ் வேண்டாம். அருவிச் சாரல் லென்ஸ் முன்னால் பறந்துகொண்டே இருக்கும். அடித்தால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாக முகத்தின் மேல் வந்து உட்காரும். சாரல் இல்லாத பாறைப் பக்கம் வந்து, சாயங்கால வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஆளை நிறுத்தி, அங்கே மைனஸ் 1 கொடுங்கள்.

அடிக்கக் கூடாத இடங்கள்: கருவறை. கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் ஓடிவரும் மாட்டின் எதிரே. பிறந்த குழந்தையின் முகத்துக்கு நேரே. கூரையில் அடியுங்கள் போதும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுச் சாலையில் ராத்திரி யானையைப் பார்த்தால் கேமராவையே தொடாதீர்கள்.

நடுகல்லை எடுக்கும்போது

எங்கள் மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகல் நிற்கும். தர்மபுரி அருங்காட்சியகத்திலும் நிறைய வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மாடுகளுக்காக நடந்த சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல். சிலவற்றில் வீரன் உருவத்துக்கு மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து இருக்கும். பல நூறு வருஷ மழையில் தேய்ந்து, பகலில் பார்த்தால் வெறும் கல்லாகத் தெரியும். போனில் நேர் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் இருக்கிற எழுத்தும் காணாமல் போகும், ஏனென்றால் பள்ளத்துக்குள்ளும் வெளிச்சம் நேராகப் போய் நிழலை அழித்துவிடுகிறது.

வெளியே நிற்கும் கல் என்றால் சாயங்காலம் இருட்டியதும் போங்கள். அருங்காட்சியகத்துக்குள் என்றால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவை ஸ்டாண்டில் கல்லுக்கு நேராக வையுங்கள். எம் மோடு, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 1/200. இடத்தின் வெளிச்சம் எதுவும் வேண்டாம், ஃபிளாஷ் மட்டும் போதும். ஃபிளாஷைக் கழற்றிக் கல்லின் ஓரத்தில், கல்லின் பரப்பை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். சுவரில் டார்ச்சை ஒட்டி வைத்து அடித்தால் பூச்சின் மேடு பள்ளமெல்லாம் தெரியுமே, அதே மாதிரி. 1/16 பவரில் தொடங்குங்கள். ஃபிளாஷ் பக்கத்து ஓரம் ரொம்ப வெளுத்தால் அதே சாய்வில் இரண்டடி தள்ளிப் போய், பவரை ஏற்றுங்கள்.

முதல் படத்திலேயே வீரன் கையில் இருக்கும் வில்லும் குத்துவாளும் எழுந்து வரும். ஆனால் எழுத்துக்கு ஒரு படம் போதாது. இடப்பக்கமிருந்து அடித்தால் நிற்கும் கோடுகள்தான் தெரியும், மேலிருந்து அடித்தால் கிடக்கும் கோடுகள் தெரியும். கேமராவைத் துளியும் அசைக்காமல் இடம், வலம், மேல், கீழ், அப்புறம் நான்கு மூலை என்று எட்டுப் படம் எடுங்கள். கல்லின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள், தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். எந்தப் படம் எந்தப் பக்கத்து வெளிச்சம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கல்வெட்டு படிக்கிறவர்கள் அந்த எட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவார்கள்.